ஒரு மானிட்டர், இரு லேப்டாப்: தகடூர் வட்டாரப் பங்கீட்டு நெறி பற்றிய ஆராய்ச்சி

பங்கீடு பற்றிய சிந்தனையில் தர்மபுரி மாவட்டத்துக்கு உள்ள மூப்பு போதிய அளவு ஆராயப்படவில்லை. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டது இந்தத் தகடூரில்தான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவன் கத்தியை எடுத்து அதை ஏன் இரண்டாக நறுக்கவில்லை? நறுக்கினால் பயன் கெடும் பொருள்கள் சில உண்டு. அவற்றை முழுதாகக் கொடுத்துவிடலாம், அல்லது முறைவைத்து அனுபவிக்கலாம், மூன்றாவது வழி இல்லை என்பது நம் துணிபு. அவ்வகைப் பொருள்களில் நெல்லிக்கு அடுத்தபடியாகப் பேசத்தக்கது 24 அங்குல மானிட்டர்.

ஆய்வுக் களம் பென்னாகரம் ரோட்டில் ஒரு வீடு. 2020 மார்ச் ஊரடங்கில் பெங்களூரிலிருந்து பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பி, அப்படியே தங்கிவிட்ட குடும்பம். கணவர் பெங்களூர் கம்பெனிக்கு சாப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறார். மனைவி ஓசூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குக் கணக்கெழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறார். மேசை ஒன்று, மானிட்டர் ஒன்று. அதன் முதுகில் இரண்டு வாய்: 1987-இல் பிறந்த 15 ஊசி விஜிஏ, 2002-இல் பிறந்த 19 ஊசி எச்டிஎம்ஐ. வாய் இரண்டு இருக்கச் சண்டை எதற்கு எனின், புது லேப்டாப்புகள் விஜிஏவை எப்போதோ கைகழுவிவிட்டன. கணவரின் லேப்டாப்பில் டைப்-சி மட்டுமே உண்டு. அதற்கொரு கன்வெர்ட்டர் வாங்கியபின் அவரும் வந்து நிற்பது அதே எச்டிஎம்ஐ வாசலில்தான்.

பாகப்பிரிவினைக் கட்சியார் கூற்றை முதலில் தள்ளிவிடுவோம். விலை கூடிய மானிட்டர்களில் திரையை நடுவில் பிளந்து ஆளுக்கொரு பாதி காட்டும் வசதி உண்டு. 1920 புள்ளி அகலத்தில் பாதி 960. அதில் எக்செல் திறந்தால் தேதியும் பில் நம்பரும் தெரியும், தொகை தெரியாது. தொகை தெரியாத கணக்கு கணக்கன்று என்க.

இனி ஸ்ப்ளிட்டர் மயக்கம். இது சற்று விரித்துரைக்கத் தக்கது. பங்கு என்றதும் மனம் ‘பிரிப்பது’ என்றே ஓடுகிறது. ஆகவே கணவர் கடையில் கேட்டது, “அண்ணா, எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒண்ணு குடுங்க.” கடைக்காரரும் கேட்டதைக் கொடுத்தார். ஸ்ப்ளிட்டர் என்பது ஒரு லேப்டாப்பின் படத்தை இரண்டு திரைக்கு அனுப்புவது. டிவி கடையில் வரிசையாக எல்லாத் திரையிலும் ஒரே கிரிக்கெட் ஓடுவது அதன் புண்ணியம். இங்கே வேண்டியது அதன் தலைகீழ்: இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. அதற்குப் பெயர் ஸ்விட்ச். இரண்டும் கையடக்கக் கறுப்புப் பெட்டிகள், இரண்டிலும் மூன்று துளை. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. பார்த்த கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மாட்டிய பிறகு தெரியும்.

ஸ்விட்ச் வரும்வரை நடந்தது வயர் பிடுங்கும் காலம். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, “என்னங்க, டேலி ஓடிட்டு இருக்குது, வயர எடுத்துடாதீங்க.” இந்தப் பக்கமிருந்து, “பத்து மணிக்கு கால் இருக்குது, அஞ்சே நிமிசம்.” வயர் கழன்ற நொடியில் நடப்பதை அருகிருந்து பார்க்க வேண்டும். 19ஆம் ஊசியின் வேலை மானிட்டர் இருக்கிறது என்று லேப்டாப்புக்குச் சொல்வது. அது மௌனமானதும், பெரிய திரையில் விரிந்திருந்த டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம் அனைத்தும் அலறியடித்து 14 அங்குலத்துக்குள் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மறுபுறம் மானிட்டர், புதிதாக வந்த லேப்டாப்பிடம் தன் ஜாதகத்தை முதலிலிருந்து ஒப்புவிக்கிறது: யார் தயாரித்தது, எத்தனை புள்ளி, நொடிக்கு எத்தனை முறை. 1994-இல் வகுக்கப்பட்ட இந்த ஜாதகத்தின் அடிப்படைக் கட்டம் 128 பைட். பொருத்தம் பார்த்து முடியும்வரை திரை கறுப்பு. அழைப்பில் நான்கு பேர் காத்திருக்கையில் அந்தக் கறுப்புக்கு நீளம் அதிகம். மானிட்டர் திரும்பி வந்தால் அவரவர் இடத்துக்குப் போகும்படி ஜன்னல்களைப் பழக்கும் வசதி விண்டோஸ் 11-இல் உண்டு. மனைவியின் லேப்டாப்பில் ஓடுவது 10.

ஆக, இடத்தால் பிரியாத பொருளை நேரத்தால் பிரிக்க வேண்டும். இதற்குச் சட்டம் எங்கே தேடுவது? தர்மபுரிக்காரர் அதிகம் தேட வேண்டியதில்லை. காவிரி மாவட்டத்தின் விளிம்பில், ஒகேனக்கலில், ஆர்ப்பாட்டமாக விழுந்துவிட்டு மேட்டூருக்குப் போய்விடுகிறது. குழாய்வழிக் குடிநீராகக் கூட்டுத் திட்டத்தில் வந்ததே 2013-இல்தான். கண்ணெதிரே ஓடும் நீர் வயலுக்கு வராத ஊரில் பங்கீட்டுச் சட்டம் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம்.

2018 பிப்ரவரித் தீர்ப்பின்படி காவிரியின் 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. இவ்வீட்டின் ஒதுக்கீடு ஏறத்தாழ இதே வடிவம். பெரும்பங்கு மனைவிக்கு, காரணம் அவருடையது பாசன நீர், தேதி தப்பினால் பயிர் கருகும். ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் மரபுக்கு நிகரான கறார் இது. கேரளத்தின் 30 பாட்டியின் சீரியலுக்கு. புதுச்சேரியின் 7 மகனின் கார்ட்டூனுக்கு. சிறு பங்குதான், ஆனால் கூப்பாடு பெரிது. சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கிய 10-க்கு மட்டும் இவ்வீட்டில் இணை கிடைக்கவில்லை. தவிர்க்க முடியாமல் கடலில் கலக்கும் நீருக்கு 4 டிஎம்சி விடப்பட்டதல்லவா? இருவரும் சாப்பிடப் போனபின் திரையில் ‘நோ சிக்னல்’ என்ற பலகை மூலைக்கு மூலை மிதந்துகொண்டிருக்குமே, அதுதான் அந்த 4.

கணவர் இதை ஏற்கவில்லை. அத்தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75-இல் 4.75 பெங்களூர் குடிநீருக்கு எனவும், தாம் பெங்களூர் கம்பெனி ஊழியர் எனவும், ஆதலால் அந்த 4.75 தமக்கே உரியது எனவும் வாதிட்டார். வாதத்தின் நயம் கருதி இங்கே பதிவு செய்கிறோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் மீட்டிங் வரும் பற்றாக்குறைக் காலத்துக்கு இவ்வீட்டிலும் உருப்படியான சூத்திரம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கென மின்சாரம் நிற்கும் நாளில் மட்டும் முழுச் சமத்துவம்: மானிட்டர் அணையும், இரு லேப்டாப்பும் பேட்டரியில் ஓடும்.

ஸ்விட்ச் வந்ததும் வழக்கு முடிந்தது என்று கருதுவோர் மதகின் இயல்பு அறியாதவர். பொத்தானை அழுத்தினால் திரை மாறும். சரி, பொத்தான் யார் கைக்கெட்டும் தூரத்தில்? அதுவே தலைமடை; மற்றவர் கடைமடை. ஒப்பந்தத்தில் எண் எதுவாக இருந்தாலும் நீர் போவது ஷட்டர் பிடித்தவர் பக்கம் என்பது இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. போதாக்குறைக்கு இந்த ஸ்விட்ச்சில் தானியங்கி குணம் ஒன்றும் உண்டு: கடைசியாக உயிர் பெற்ற லேப்டாப்புக்குத் திரையைத் தூக்கிக் கொடுத்துவிடும். இதைக் கண்டுகொண்ட கணவர் தம் லேப்டாப்பைத் தூங்கவைத்துத் தூங்கவைத்து எழுப்பினார். மனைவி ஸ்விட்ச்சைத் தம் பக்கக் காலண்டருக்குப் பின்னால் குடியேற்றினார்.

ஒகேனக்கலுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளவெடுப்பதுபோல் இங்கும் நடுநிலை அளவையர் தேவைப்பட, பாட்டி நியமிக்கப்பட்டார். அவர் சீரியல் தரப்பு என்ற ஆட்சேபம் தள்ளுபடி. ஸ்விட்ச்சை மேசை நடுவில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டுவது என்பது இடைக்கால உத்தரவு. மேசையின் நடு எது என்பதில் இரு தரப்புக்கும் இரண்டு அங்குல வேறுபாடு. மனைவி தம் பக்கத்து டிராயரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறார். விசாரணை 21ஆம் தேதிக்கு ஒத்திவைப்பு, 3பி தாக்கல் முடியட்டும் என்று.