பெற்றோர் நீக்க விதி: இளையோர் நாவல்களை முதுமகன் வாசித்தல் குறித்த ஓர் ஆய்வு

ஐம்பதைத் தொட்டுவிட்ட எழுத்தாளர் ஒருவர், பதின்பருவத்தினருக்கென்று அச்சிடப்படும் நாவல்களை விடாமல் படித்துவருவது ஏன் என்ற சிக்கலை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. ஆய்வாளரும் ஆய்வுக்குரியவரும் ஒருவரே என்பதால் களப்பணிக்குப் பயணப்படி தேவைப்படவில்லை. முதன்மை ஆதாரங்கள் கட்டிலுக்கடியில் உள்ளன. துணைமை ஆதாரங்கள் மகளின் அலமாரியில் உள்ளன. அவள் விடுதிக்குத் திரும்பிய பிறகே அவற்றை அணுக முடியும். நெறியாளர் எவரும் இசையவில்லை.

ஆய்வேடு என்றால் முதலில் வரையறை வேண்டும். இளையோர் யார்? 12 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் என்று அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஏறத்தாழ ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். வயதை வைத்துக் கோடு போடுவதில் நம்மவர்கள் அவர்களுக்கு மூத்தவர்கள். பன்னிரு பாட்டியல் ஆண்மகனை 7 வரை பாலன், 10 வரை மீளி, 14 வரை மறவோன், 15இல் திறலோன், 16இல் காளை, 30 வரை விடலை என்று பகுத்துவிட்டு, அதற்கு மேற்பட்டவர்கள் அனைவரையும் முதுமகன் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. பெண்களுக்குச் சற்றுத் தாராளம்: பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம், 40 வரை கணக்கு. 41ஆவது பிறந்தநாளன்று அவள் என்ன ஆகிறாள் என்பது பற்றி இலக்கணம் வாய் திறக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் இவ்வாய்வாளர் முதுமகனாகி வெகுகாலம் ஆயிற்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டியலார் பருவம் வகுத்தது யாரைப் பாடலாம் என்பதற்கே அன்றி, யார் படிக்கலாம் என்பதற்கு அன்று. உலாவில் தலைவன் வீதியில் வருகிறான், ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குகிறார்கள். அதை உட்கார்ந்து எழுதியவரும் படித்தவரும் உரை சொன்னவரும் பெரும்பாலும் நரைத்த தலைகள்தாம். பேதைப் பருவத்துக் கண்ணியைப் படிக்க ஏழு வயதுப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று எந்தப் புலவரும் நிபந்தனை விதிக்கவில்லை. புத்தகத்தின் முதுகில் வயதை ஒட்டுவது பிற்காலத்து வணிகம்.

இன்னும் வலுவான சான்று உண்டு. கண்ணகிக்குத் திருமணத்தன்று 12 வயது, கோவலனுக்கு 16. இளங்கோவே சொல்லிவிட்டார். களவியல் உரையின் தலைவன் தலைவிக்கும் அதே 16, அதே 12. அகப்பாட்டு முழுவதிலும் தினைப்புனம் காப்பதும், தோழியைத் தூதுவிடுவதும், இரவில் வீட்டைவிட்டுக் கிளம்புவதும் இந்த வயதினர்தாம். ஒரு பேராசிரியர் தம் பணிக்காலம் முழுவதும் இவர்களின் களவையும் உடன்போக்கையும் பாடம் நடத்தி ஓய்வு பெற்றால், பொன்னாடை போர்த்தி அனுப்புகிறோம். அதே 16 வயதில் தி ஹங்கர் கேம்ஸ் நாவலின் நாயகி காட்னிஸ் எவர்டீன் வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் நுழைவதை நான் பேருந்தில் படித்தால், பக்கத்து இருக்கைக்காரர் என் தலைமுடியையும் புத்தக அட்டையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

இந்தப் பார்வைக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் ரூத் கிரஹாம். இளையோர் நாவல் படிக்கும் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று 2014இல் ஸ்லேட் இணைய இதழில் எழுதினார். உடனே ஒரு கூட்டம் எதிர்த்தது, ஒரு கூட்டம் தலையாட்டியது, எல்லோரும் படிப்பதைத் தொடர்ந்தார்கள். படிப்பவர்கள் சிறுகூட்டமும் அல்லர். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே பௌகர் நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி, இவ்வகை நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 30 முதல் 44 வயது வரையுள்ளவர்களே 28 விழுக்காடு விற்பனைக்குப் பொறுப்பு. யாருக்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, இந்தப் பெரியவர்களில் 78 விழுக்காட்டினர் தமக்காகத்தான் என்றார்களாம்.

இந்த 78 என்ற எண்ணை இவ்வாய்வாளர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கியதில் வியப்பில்லை, ஒப்புக்கொண்டதுதான் வியப்பு. சென்னைப் புத்தகக் காட்சியில் இதே கேள்வியைக் கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் "பொண்ணுக்கு", "அக்கா பையனுக்கு" என்றுதான் சொல்வார்கள். பில் போடுகிறவர் "சார், பசங்க எத்தனாவது படிக்கிறாங்க?" என்று கேட்டால் "எட்டாவது" என்று சொல்ல ஆய்வாளர் பழகியிருக்கிறார். மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. தகவல் அவளுக்குப் போனபோது, "அதெல்லாம் நான் எட்டாவதுலயே முடிச்சிட்டேன்ப்பா, நீங்கதான் இன்னும் பாஸாகல" என்று தொலைபேசியில் சொன்னாள். ஆக, எட்டாவது என்பது முழுப் பொய்யும் அன்று.

மறைத்துப் படிக்கும் கலையில் பதிப்பாளர்களும் கைகொடுத்திருக்கிறார்கள். 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டர் கதைக்கு மறு ஆண்டே பெரியவர்களுக்கென ஓர் அட்டை போட்டது ப்ளூம்ஸ்பரி: வண்ணப் படம் போய்க் கறுப்பு வெள்ளையில் ஒரு ரயில். உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. லண்டன் ரயிலில் கோட்டும் டையுமாகப் போகிறவர்கள் தலைநிமிர்ந்து படித்தார்கள். நமக்கு அந்த வசதி தேவைப்படவில்லை. ஜூன் மாதம் தவறாமல் வீட்டுக்கு வரும் காக்கி நிறத் தாள் இருக்கிறது. அதில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பாடம் என்ற இடத்தில் 'நிலவியல்' என்று எழுதிவிட்டால், புகைவண்டியில் எவரும் இரவல் கேட்பதில்லை.

ஆய்வாளரின் வாசிப்புப் பழக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு பத்தரைக்கு மேல், சாய்வாக, பக்கத்தில் ஒரு கிண்ணம் மிக்சர். கருதத்தக்கது ஒன்றே: 'இன்னும் ஓர் அத்தியாயம்' என்னும் நோய். தி ஹங்கர் கேம்ஸ் 27 அத்தியாயம், பாகத்துக்கு 9 வீதம் மூன்று பாகம். எழுதிய சூசன் காலின்ஸ் அதற்கு முன்பு குழந்தைகள் தொலைக்காட்சிக்கு எழுதிக்கொண்டிருந்தவர். விளம்பரம் வரும்போது எவனும் எழுந்து போய்விடக் கூடாது என்ற தொழிற்கவலை ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசி வரியிலும் தெரிகிறது. 'தொடரும்' போட்டு மூன்றரை ஆண்டு கட்டிவைத்த பொன்னியின் செல்வனில் ஊறிய பரம்பரைக்கு இது புதிதில்லை. வேறுபாடு என்னவென்றால், கல்கி காலத்து வாசகர் அடுத்த வாரம் வரை தூங்கியாக வேண்டியிருந்தது. இங்கே அடுத்த பக்கத்தில் அடுத்த அத்தியாயம். தூக்கம் கெடுகிறது.

ஏன் என்ற மூலக்கேள்விக்கு வருவோம். பதினான்கு வயதில் கிடைக்காததை ஐம்பதில் ஈடுகட்டுகிறார் என்பாரும் உளர். உண்மையில் எங்கள் காலத்தில் அப்படி ஓர் அலமாரியே இல்லை. அம்புலிமாமாவை முடித்தால் அடுத்த படி அம்மா படிக்கும் வார இதழ்தான். நடுவில் இருந்த ஒரே திண்ணை முத்து காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த அதன் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் அந்த மனிதருக்கு அப்பா அம்மா உண்டா, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. ஈடுகட்டுதல் என்னும் இக்கருதுகோள் கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே ஐயத்துக்குரியது. ஆனால் மாயாவியின் அப்பா அம்மா என்ற இடத்தில் ஆய்வாளருக்கு ஒரு நூல்முனை கிடைத்தது.

அதைப் பிடித்துப் போனபோது புலப்பட்டதே பெற்றோர் நீக்க விதி. எந்த இளையோர் நாவலும் தொடங்க வேண்டுமானால் முதலில் பெற்றோர் அகல வேண்டும். ஹாரிக்கு ஒரு வயது முடிந்த கொஞ்ச நாளிலேயே இருவரும் கொல்லப்படுகிறார்கள். 1967இல் வந்த தி அவுட்சைடர்ஸ் நாவலில் போனிபாயின் பெற்றோர் கார் விபத்தில் இறந்திருக்கிறார்கள். 20 வயது அண்ணன்தான் குடும்பத் தலைவர். அதை எழுதத் தொடங்கியபோது எஸ். ஈ. ஹின்டனுக்கு 15, நூல் வெளிவந்தபோது 18. அவர் தம் பருவத்துக்கு மிகத் தேவையானது எது என்று அறிந்தே முதல் வேலையாக அதைச் செய்திருக்க வேண்டும். காட்னிஸின் அப்பா சுரங்க வெடிப்பில் போய்விடுகிறார். அம்மா உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் துக்கத்தில் உறைந்துபோய், இருந்தும் இல்லாதவராகிறார். முன்னதை இறப்பு நீக்கம் என்றும் பின்னதை இருப்பு நீக்கம் என்றும் கொள்க.

சிலம்பு இவ்விதிக்கு விலக்கோ எனின், அன்று. மணம் முடித்த கையோடு இருவரையும் தனிமனையில் குடிவைத்துவிட்டு மூத்தவர்கள் கதையைவிட்டு விலகிக்கொள்கிறார்கள். வழக்கும் கொலையும் தீயும் நடந்து முடிந்த பிறகு நீர்ப்படைக் காதையில் செய்தியாக மட்டும் வருகிறார்கள்: மாசாத்துவான் பௌத்த விகாரம் புகுந்தான், மாநாய்கன் ஆசீவகரிடம் போனான், தாய்மார் இருவரும் உயிர்விட்டார்கள். நீக்கம் இரண்டு தவணையில் நடந்திருக்கிறது, அவ்வளவே.

இப்போது சிக்கலின் மையம். பையன் இதைப் படித்தால் புரிகிறது. ஒன்பது மணிக்கு வீடு திரும்பச் சொல்ல ஆளில்லாத உலகம் அவனுக்கு இனிக்கும். ஆனால் தானே பெற்றோராகிய முதுமகன், தன் இனம் முதல் அத்தியாயத்திலேயே பூண்டற்றுப் போவதை ஏன் இத்தனை மகிழ்ச்சியோடு படிக்கிறான்? நெடிய அவதானிப்பில் ஆய்வாளர் கண்ட முடிவு இது: பெற்றோர் இல்லாத உலகத்தைப் பிள்ளைகளைவிட அதிகம் விரும்புகிறவர்கள் பெற்றோரே. அந்த உலகத்தில் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டாம். விடுதிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி இல்லை. மாவு அரைத்தாயிற்றா என்று எவரும் கேட்பதில்லை. ஒரு சர்வாதிகாரியைக் கவிழ்ப்பது மட்டுமே பொறுப்பு, அதையும் பதினாறு வயதுப் பெண் பார்த்துக்கொள்கிறாள். நம்மை ஒரேயடியாகக் கொன்றுவிட்டு நிம்மதியாகப் படிக்கச் சொல்லும் இலக்கிய வகை வேறெது?

முழு விடுதலையும் இல்லை என்பதையும் நேர்மையோடு பதிவுசெய்ய வேண்டும். ஹாரியின் பெற்றோர் இறந்த பிறகும் கிரிங்காட்ஸ் வங்கிப் பெட்டகம் நிறையத் தங்கம் விட்டுப்போயிருக்கிறார்கள். மந்திரக்கோல், அங்கி, பாடப்புத்தகம் எல்லாம் அதிலிருந்துதான். சாவும் தவணையை நிறுத்தவில்லை.

விதியின் உண்மையான விலக்கு ஒன்றே, ஆய்வை ஒரு வாரம் நிறுத்தியதும் அதுவே. 2012இல் ஜான் கிரீன் எழுதிய தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ். இதில் அப்பாவும் அம்மாவும் நலமாக, அன்பாக, வீட்டிலேயே இருக்கிறார்கள். 16 வயது ஹேசலுக்குத்தான் புற்றுநோய். உலகமே ஹேசலும் அகஸ்டஸும் காதலித்ததைப் படித்தது. முதுமகனோ அந்த அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் இருந்தான். அந்த அம்மா மகளுக்குத் தெரியாமல் சமூகப்பணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மகள் போன பிறகு தான் செய்யப்போகும் வேலை ஒன்றுக்குத் தயாராவதை மகளிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் உண்மை வெளிப்படும்போது ஹேசலுக்குக் கோபம் வரவில்லை, மகிழ்கிறாள். அந்தப் பக்கத்துக்கு மேல் அன்றிரவு படிக்கவில்லை. மணி பன்னிரண்டாகியும் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டதும், "அப்பா, தூங்குறேன்" என்று பதில் வந்ததும் தரவாக இங்கே சேர்க்கப்படுகின்றன. ரூத் கிரஹாம் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டிய நூல்களில் இதுவும் ஒன்று. அவர் எந்தப் பாத்திரத்தைத் தொடர்ந்து படித்தார் என்பது கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

இந்தத் துறையில் மேலாய்வுக்கு இடம் நிறைய இருக்கிறது. கொடுங்கோல் நாடுகளைக் கவிழ்க்கும் நாவல்களில் யார் சமைக்கிறார்கள் என்பதை எவரும் தொடவில்லை. அதைவிட அவசரமானது தாத்தா பாட்டி பற்றிய பகுதி. ஹாரி பாட்டர் கதையில் நெவில் லாங்பாட்டமின் பெற்றோர் சித்திரவதையால் நினைவு பிறழ்ந்து மருத்துவமனையில் கிடக்கிறார்கள். அவனை வளர்க்கும் பாட்டியோ கடைசி நாவலின் போருக்கே கிளம்பி வந்து பேரன் எங்கே என்று கேட்டுவிட்டுச் சண்டையில் இறங்குகிறார், பிழைத்தும் விடுகிறார். பெற்றோருக்கு மறுக்கப்படும் இந்த ஆயுள் மூத்த தலைமுறைக்கு மட்டும் ஏன் வழங்கப்படுகிறது என்பது ஆராயத்தக்கது. ஆய்வாளர் அடுத்து எதிர்பார்த்திருக்கும் பதவி அதுவே என்பதால், பூர்வாங்க வாசிப்பு தொடங்கிவிட்டது.