மருமகனுக்கு ஒரு கெட்ட யோசனை

வா மாப்ளே, உக்காரு. விசா வந்திருச்சாமே. புக்குவோக்காவுல ஜப்பான் மொழிப் பள்ளிக்கூடம், வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பாத்துக்கிடலாம், அப்புறம் கம்பெனி, அப்புறம் காரு. எல்லாம் உங்கம்மா சொல்லிட்டா. எங்கிட்ட மட்டுமா சொன்னா? எதுக்க வந்த ஆட்டுக்குட்டியைக்கூட நிறுத்திச் சொல்லியிருப்பா. நல்லா இரு. பிள்ளை தூரதேசம் போகுதுன்னா பெரியவன்னு ஒருத்தன் புத்தி சொல்லித்தான் அனுப்பணும். நல்ல புத்தி சொல்றதுக்கு ஊர்ல ஆளா இல்ல? உன் சமத்துக்கு அது செல்லாது. நான் உனக்குத் தோதாச் சொல்றேன், கேட்டுக்க.

புக்குவோக்கா விமான நிலையத்துலயே போட்டோ போட்டு குடியிருப்பு அட்டை ஒண்ணு கையில கொடுத்துருவாங்க. ரூம் பிடிச்ச 14 நாளைக்குள்ள வார்டு ஆபீசுக்குப் போய் விலாசத்தைப் பதியணும். அந்த ஊர்ல 7 வார்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீசு. பதிஞ்சு முடிச்சதும், அடுத்த கவுண்டருக்குப் போங்கன்னு கையைக் காட்டுவாங்க. அதுதான் தேசிய சுகாதாரக் காப்பீடு. அங்க இருக்கற நம்ம பிள்ளைக 'கொக்குஹோ'ன்னு சுருக்கிச் சொல்லுதுக. மூணு மாசத்துக்கு மேல தங்குற விசாவுல போனவன், கம்பெனிக் காப்பீடு இல்லேன்னா, இதுல சேந்தே ஆகணும். 2012 ஜூலை வரைக்கும் ஒரு வருஷமாவது தங்குறவனுக்குத்தான் இந்தக் கட்டாயம் இருந்துச்சு. உன் அதிர்ஷ்டம், நீ பிந்திப் பிறந்துட்டே.

இந்த இடத்துலதான் உன் மூளை சுறுசுறுப்பாகும்னு எனக்குத் தெரியும். "மாமா, எனக்கு எளவயசு, தும்மல்கூட வர்றதில்ல, எதுக்கு மாசாமாசம் தண்டம் கட்டணும்?" அப்பிடிக் கேளு. சிங்கம்டா நீ. அந்தக் கவுண்டருக்குப் போகாதே. ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய வந்து டீயைக் குடி. என்ன ஒண்ணு, அவங்க கணக்கு நீ சேர்ற நாள்ல தொடங்காது. விலாசம் பதிஞ்சு உனக்குத் தகுதி வந்துச்சே, அந்த நாள்ல தொடங்கும். ஒரு வருஷம் கழிச்சு வயித்துவலி வந்து ஓடுறேன்னு வையி, அந்த ஒரு வருஷத்துப் பாக்கியையும் வாங்கிட்டுத்தான் சேத்துக்கிடுவாங்க. சேர்றதுக்கு முந்தி நீ ஆஸ்பத்திரியில கொடுத்த காசு இருக்கே, அது போனது போனதுதான். ஆக, சந்தாவும் கட்டுவே, முழு பில்லும் கட்டுவே. கெட்டிக்காரன்டா நீ!

சேந்துட்டா என்ன கிடைக்கும்னு கேக்க மாட்டே. இருந்தாலும் சொல்றேன். உனக்கு வர்ற பில்லுல 30 சதவீதம் நீ, மிச்சம் காப்பீடு. பள்ளிக்கூடம் சேராத பிள்ளைக்கு 20 சதவீதம். 70-லிருந்து 74 வரைக்கும் பெரும்பாலும் 20. 75 ஆனதும் பெருசுகளைத் தனித் திட்டத்துக்கு மாத்தி, வசதி கம்மியா இருந்தா 10 மட்டும் வாங்குறாங்க. நீ கட்டப்போற சந்தாவுலயும் ஒரு பங்கு அந்தக் கிழடுகட்டைகளுக்குன்னே தனியா எடுத்து வைக்கிறாங்க. இங்க உங்க தாத்தாவுக்கு ஒரு பாட்டில் மருந்து வாங்கிக்கொடுக்க மூக்கால அழுதே. அங்க முன்னப்பின்ன தெரியாத ஜப்பான் தாத்தாவுக்கு மாசாமாசம் கட்டப்போறே பாரு, நினைச்சா எனக்குக் குளுகுளுன்னு இருக்கு.

புக்குவோக்காவுல இருக்கற மக வீட்டுக்குப் போயிருந்தப்ப பேத்திக்குக் காய்ச்சல் வந்துருச்சு. (ஆமா, உனக்குக் கேட்டு நான் கொடுக்காத அதே மகதான். இப்ப எதுக்கு மூஞ்சியைத் தூக்கறே?) பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு நானும் போனேன். வாசல்ல நம்ம செருப்பைக் கழட்டி அலமாரியில வச்சுட்டு அவங்க செருப்பை மாட்டிக்கணும். என் கால் அதுல முக்காவாசிதான் நுழைஞ்சது. உக்காந்ததும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு தாளும் வந்துச்சு: எப்பயிருந்து காய்ச்சல், என்ன மருந்து ஒத்துக்காது, வேற ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா. டாக்டர் பாத்தது கொஞ்ச நேரம். ரசீதுதான் அழகு. அதுல யென்னே பிரதானம் இல்ல, புள்ளிக் கணக்கு. ஒரு புள்ளிக்கு 10 யென். புதுசா வந்த நோயாளியைப் பாக்க 2024 ஜூன்ல 291 புள்ளின்னு வச்சாங்க. அடிப்படைக் கணக்கு எந்த ஊர்ப் பெரிய டாக்டருக்கும் எந்தச் சந்து டாக்டருக்கும் அதேதான்; நாடு பூராவும் ஒரே விலைப்பட்டியல். பேத்தியோட பங்கை நகராட்சி ஏத்துக்கிடுச்சு. புக்குவோக்காவுல மூணு வயசுக்குள்ள பிள்ளைக்குக் காசே கிடையாது. அதுக்கு மேல மேல்நிலைப் பள்ளி வயசு வரைக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாசம் 500 யென்னுக்கு மேல போகாது. வெளிநாட்டுப் பிள்ளையா உள்நாட்டுப் பிள்ளையான்னு பாக்கறதில்ல.

மருந்தை டாக்டர் சீட்டுல எழுதுவார், கடையில வாங்கணும். சீட்டுக்கு நாலு நாள்தான் ஆயுசு, எழுதுன நாளையும் சேத்து. நீ எதையும் நாளைக்குப் பாக்கலாம்னு போடுறவன், அஞ்சாம் நாள் போய் நில்லு, வேடிக்கையா இருக்கும். மருந்துக்கடையில ஒரு குட்டி நோட்டுப் புத்தகம் கேப்பாங்க. எந்த டாக்டர் என்ன மருந்து கொடுத்தாருன்னு அதுல ஒட்டிக்கொடுக்கறாங்க. பேத்தி நோட்டு அட்டையில பூனைப்படம். நம்ம ஊர்ல மூணு டாக்டர் எழுதுன மாத்திரையை ஒரே மஞ்சப்பையில போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததை முழுங்குற உங்க அத்தைக்கு அந்த நோட்டைக் காட்டினேன். "பூனை நல்லாருக்கு"ன்னா.

அப்புறம் என் முழங்கால் கதை. மாடிப்படி ஏறி இறங்கி வீங்கிருச்சு. எனக்குக் கொக்குஹோ கிடையாது. 90 நாள் விசாவுல சொந்தக்காரங்களைப் பாக்கப் போற பெருசுகளை அதுல சேக்க மாட்டாங்க. நான் இங்கயிருந்தே பயணக் காப்பீடு எடுத்துட்டுத்தான் போனேன், பளபளன்னு பத்திரம். போன் போட்டா அந்தப் பக்கம் ஒரு அம்மிணி தேன் ஒழுகக் கேக்குது: "இந்த வலி இதுக்கு முன்னாடி இருந்துச்சா சார்?" எழுபது வருஷமா இந்தக் காலோடதானம்மா இருக்கேன்னேன். ஏற்கெனவே இருந்த நோய்க்குக் கிடையாதுன்னு போனை வச்சிருச்சு. மருமகப்பிள்ளை முழுசாக் கட்டினார். காப்பீடு இல்லாம வர்றவன்கிட்ட அந்தப் புள்ளிக்கு 10 யென்னுதான் வாங்கணும்னு கட்டுப்பாடு கிடையாது, ஆஸ்பத்திரி இஷ்டம். கொக்குஹோவுல அந்த அம்மிணி கேட்ட கேள்வி இல்ல மாப்ளே. பழைய சர்க்கரையோ பழைய ஆஸ்துமாவோ, கொண்டு போனாலும் சேத்துக்கிடும். உனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே, விடு.

சந்தா எவ்வளவுன்னு கேக்கறியா? அதுக்கு ஒரே பதில் கிடையாது. ஊருக்கு ஊர் வேற, ஆளுக்கு ஆள் வேற. போன வருஷம் ஜப்பான்ல நீ சம்பாதிச்சதை வச்சுப் போடுவாங்க. நீ போன வருஷம் இங்க டீக்கடை பெஞ்சுல இருந்தே, ஆகையால முதல் வருஷம் ரொம்பக் கம்மி. வருமானம் குறைஞ்ச வீட்டுக்கு அடிப்படைத் தொகையில 70, 50, 20 சதவீதம்னு மூணு படியா தள்ளுபடி உண்டு. ஆனா வருமானம் இல்லேன்னு ஒரு தாள்ல எழுதிக்கொடுக்கணும். சும்மா இருந்தா, இவன் சம்பாத்தியம் தெரியலைன்னு தள்ளுபடியை நிறுத்தி வச்சிருவாங்க. நீ கௌரவஸ்தன். "எனக்கு வருமானம் சைபர்"னு ஒரு ஜப்பான்காரப் பொண்ணு முன்னால எழுதிக்கொடுக்க மனசு வருமா? எழுதாதே. மானம் பெருசு, முழுத்தொகையைக் கட்டு.

அப்புறம் கம்பெனி வேலை கிடைக்கும். கம்பெனிக் காப்பீடு வேற. சந்தாவுல பாதியை முதலாளி கட்டணும். சம்பளச் சீட்டுல பிடிச்சிருக்கறதைப் பாத்துட்டு, பழசு தானாப் போயிரும்னு இருந்துருவே. போகாது. கம்பெனியில சேந்த அத்தாட்சியை எடுத்துட்டு நீயே வார்டு ஆபீசுக்குப் போய், என்னை விடுவிச்சிருங்கன்னு சொல்லணும். சொல்லலேன்னா ரெண்டு பக்கமும் பில்லு வரும். நம்ம பையன் ஒருத்தன் இப்பிடி மாசக்கணக்காக் கட்டிட்டு, ஜப்பான்ல விலைவாசி ஜாஸ்தின்னு ஊருக்குப் போன் பண்ணிப் புலம்பிட்டிருந்தான்.

கம்பெனிக் காப்பீட்டுல பொண்டாட்டி பிள்ளையைச் சந்தா இல்லாம சேத்துக்கலாம். உடனே, அம்மாவையும் சேத்துருவோம்னு கணக்குப் போடாதே. ஊர்ல இருக்கற ஆத்தா அப்பனையும் சேத்து வச்சிருந்த காலம் இருந்துச்சு. 2020 ஏப்ரல்ல அந்தக் கதவைச் சாத்திட்டாங்க: சேக்கணும்னா ஜப்பான்ல குடியிருக்கணும், அவ்வளவுதான். எல்லாம் உன்னை மாதிரிப் பிள்ளைகளோட பாசத்துக்குப் பயந்துதான்.

இந்த ஏற்பாடு டோக்கியோக்காரன் மூளையில மட்டும் உதிச்சதுன்னு நினைக்காதே. நீ போற புக்குவோக்கா மாகாணத்துல முனகத்தான்னு ஒரு பகுதி. நூத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தியே அந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல ஒரு பழக்கம் இருந்துச்சு. ஊருக்கு வைத்தியர் வேணும்; வைத்தியரும் சாப்பிடணும். அதனால வீட்டுக்கு வீடு அரிசி போட்டாங்க. எல்லாரும் ஒரே அளவு இல்ல, நிலம் நீச்சு உள்ளவன் கூட, இல்லாதவன் குறைய. நோய் வந்தா வைத்தியம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்கு 'ஜோரெய்'னு பேரு. நம்ம களத்துமேட்டுல ஊர்த் தொழிலாளிக்கு நெல்லு அளந்துவிட்ட மாதிரின்னு வச்சுக்கயேன். அளக்கிறவனோட வசதியைப் பாத்து அளவை மாத்துனாங்களே, அந்த யோசனைதான் நம்ம பெருசுகளுக்கு வரல. பிற்பாடு 1938-ல அரசாங்கம் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் போட்டப்ப, முதல்ல மனசுல வச்சது குடியானவங்களையும் கிராமத்துச் சனங்களையும்தான். எல்லாரையும் ஏதாவது ஒரு காப்பீட்டுல அடைக்கிறது 1961-ல முடிஞ்சது. வெளிநாட்டுக்காரனுக்கு வாசல் முழுசாத் திறந்தது 1986-ல. விவசாயி வீட்டுப் பிள்ளை நீ. விவசாயிக்குன்னு ஆரம்பிச்ச திட்டத்தை ஏமாத்தப் போறேங்கறே. படிச்ச படிப்பு வீண் போகல.

பெரிய பில்லு வந்தா 30 சதவீதமும் தாங்காதேன்னா, அதுக்கும் மாசத்துக்கு ஒரு வரம்பு கட்டியிருக்காங்க. 2015-ல வகுத்த கணக்குப்படி நடுத்தர வருமானக்காரனுக்குப் பத்து லட்சம் யென் பில்லு வந்தா, கையிலிருந்து போறது 87,430 யென். உள்ளூர் வரி கட்டற அளவுக்கு வருமானம் இல்லாத உன்னை மாதிரி ஆளுக்கு 35,400. இதை ஏத்தணும்னு ஜப்பான்ல அப்பப்ப பேச்சு கிளம்புது. போற சமயத்துல விசாரிச்சுக்க. தனி ரூமு, நல்ல சன்னல் எல்லாம் இந்த வரம்புல வராது. சுகப்பிரசவமும் வியாதி இல்லேங்கறதால 30 சதவீதக் கணக்குல சேராது. அதுக்குப் பதிலா 2023 ஏப்ரல்லயிருந்து பிள்ளைக்கு 5 லட்சம் யென்னாக் கொடுத்துர்றாங்க. அதெல்லாம் முதல்ல பொண்ணு கிடைச்சப்புறம் பேசுவோம்.

தலைவலின்னாலும் நீ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவே, தெரியும். சின்ன கிளினிக்குக் கடிதாசி இல்லாம அப்பிடி நேரா நுழைஞ்சா, கட்டணத்துக்கு மேல குறைஞ்சது 7,000 யென் தனியா வைக்கணும். 2022 அக்டோபருக்கு முந்தி 5,000-ஆ இருந்துச்சு. வாசல்ல காவக்காரன் தடுக்கறதில்ல. காசுதான் காவக்காரன்.

இன்னொரு சாமர்த்தியம் உன் மனசுல ஓடுது, கண்ணைப் பாத்தாலே தெரியுது. லீவுக்கு வந்து இங்க பல்லைக் கட்டிட்டு, பில்லை அங்க கொடுத்துக் காசை வாங்கிருவோம்! வெளிநாட்டு வைத்தியச் செலவைத் திருப்பித் தர்றது நிசம்தான். ஆனா வந்த இடத்துல திடீர்னு நோவு வந்திருக்கணும். வைத்தியத்துக்குன்னே வந்தா கிடையாது. ஜப்பான்ல அந்த வைத்தியத்துக்கு என்ன விலையோ அதை வச்சுத்தான் கணக்கு. பில்லை நீ ஜப்பான் மொழியில பெயர்த்துத் தரணும், பாஸ்போர்ட்டுல முத்திரையைக் காட்டணும். நம்ம டாக்டர் கையெழுத்தைத் தமிழ்லயே படிக்க ஆளில்ல. நீ ஜப்பான் மொழியில எழுதி அந்த ஆபீசரை அழ வை.

கட்டாமலே ஓட்டிருவேன்னா அதுவும் உன் பிரியம். ஒரே ஒரு தொந்தரவு. பிற்காலத்துல நிரந்தரமாத் தங்க விண்ணப்பம் போடுவேல்ல, அப்ப ரெண்டு வருஷத்துக் காப்பீட்டுச் சந்தா ரசீதை எடுத்து வையின்னுவாங்க. கட்டினா மட்டும் போதாது, தேதி தவறாமக் கட்டியிருக்கணும். பில்லை நம்ம தெரு மூலைப் பெட்டிக்கடை மாதிரி எங்க பாத்தாலும் இருக்கற கன்வீனியன்ஸ் கடையிலேயே கட்டலாம். ரெண்டு நிமிஷ வேலை. அதனாலதான் மறந்துரும்.

சரி, அத்தை கூப்புடறா. நார்த்தங்கா ஊறுகா ரெண்டு பாட்டில் கட்டி வச்சிருக்கா, மகளுக்கு. உன்கிட்ட கொடுத்துவிடத்தான் வரச்சொன்னேன், மத்த பேச்செல்லாம் சும்மா. மூடியை இறுக்கி, துணி சுத்தி, பெட்டி நடுவுல வை. வழியில கொட்டுச்சுன்னா அதுக்குக் காப்பீடு கிடையாது, நூறு சதவீதமும் நீதான்.