பதினெட்டுக் கோடி ஏலம்

ஏலத்தை ஏலம் போடும் ஊர் போடிநாயக்கனூர். இடுக்கி மலையில் விளைந்த காய் போடிமெட்டு வளைவுகளில் இறங்கி வந்து, சல்லடையில் சலிபட்டு, 8 மில்லிமீட்டர் தனி, அதற்குக் கீழே தனி என்று பிரிந்து விலைக்கு நிற்கும். ஆகவே கேரளத்துச் சரக்கு ஒன்று 18 கோடி ரூபாய்ச் சீட்டோடு தமிழ்நாட்டுக்கு இறங்கியதைப் பற்றிக் கருத்துச் சொல்ல இந்த அடிவாரத்துக்கு முழு உரிமை உண்டு. பக்கத்துப் பொட்டிபுரத்துக்கு ஒரு படி கூடுதலாகவே உண்டு. சுமார் 1,500 கோடி ரூபாய் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு நீலகிரியின் சிங்காரா சரிப்படாமல் போய், கடைசியில் இந்தப் பொட்டிபுரத்து அம்பரப்பர் மலையைக் கைகாட்டினார்கள். (மலை இன்னும் குடையப்படாமல்தான் நிற்கிறது.) விலை கூடக்கூட, வைக்க இடம் கிடைப்பது அரிதாகும் என்பது இங்கே தெரிந்த சங்கதி.

அந்தக் கேரளத்துச் சரக்கான ஐ.பி.எல். கிரிக்கெட் கீப்பர் சஞ்சு சாம்சன் விஷயத்தில் நடந்ததும் அதுவே. ராஜஸ்தான் அணியை விட்டு அவர் எங்கே போவார் என்று 2025-இல் மாதக்கணக்கில் பேசியவர்கள் ஆட்டத்தைப் பேசினார்கள், சீட்டைப் பார்க்கவில்லை. லக்னோவில் அப்போது 27 கோடிக்குக் கீப்பர் ரிஷப் பந்த் இருந்தார். டெல்லியில் கே.எல். ராகுல். ஒரே அடுப்பில் இரண்டு அண்டா ஏறாது. கொல்கத்தாவுக்குக் கீப்பர் தேவைதான். ஆனால் மாற்றிக் கொடுக்க அதே எடையில் ஆள் வேண்டுமே! சுனில் நரைனும் வருண் சக்கரவர்த்தியும் தலா 12 கோடி. தராசின் மறுதட்டு நிரம்ப இன்னொருவரின் கையோ காலோ சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சென்னையில் மட்டும் எல்லாம் பொருந்தியது. கீப்பர் தோனிக்கு அப்போது வயது 44. 18 கோடிச் சீட்டு இருவரிடம்: ஒருவர் கேப்டன் ருதுராஜ், மற்றவர் ஜடேஜா. கேப்டனைக் கொடுக்க முடியாது. மிச்சத்தைக் கணக்குப் போட ஏலக்காய் மண்டிக் கணக்கப்பிள்ளை தேவையில்லை.

2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரையா அனுப்புவது என்று கண்ணீர் விடுபவர்கள் உண்டு. கண்ணீர் நியாயமானது; ஆனால் தராசுத் தட்டில் அதற்கு எடை இல்லை. பச்சை மங்கிய காய்க்குப் போன வருடத்து மணத்தைச் சொல்லி விலை கேட்க முடியுமா? 36 வயது ஜடேஜாவுக்கும் அதே கதி: நவம்பர் 15 அன்று பரிமாற்ற அறிவிப்பு வந்தபோது அவர் சீட்டு 14 கோடியாகச் சுருங்கியிருந்தது, கூடவே 2.4 கோடி சாம் கரனும் ராஜஸ்தானுக்கு வண்டியேறினார். இரண்டையும் கூட்டினாலும் 18 வரவில்லை என்று மறுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் குறைச்சல் சென்னை கொடுத்த தள்ளுபடி அல்ல, ஆட்டக்காரர் பையிலிருந்து போனது.

மனிதன் என்ன ஏலக்காயா என்பது இதைவிடக் கனமான கேள்வி. காய்க்கு வாய் கிடையாது, ஐ.பி.எல். பரிமாற்றத்தில் ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும். ஆனால் வாய்க்கும் வலிமைக்கும் தூரம் அதிகம். அமெரிக்க பேஸ்பாலில் 25 கோடி டாலர் ஒப்பந்தக்காரர் அலெக்ஸ் ரோட்ரிகஸ், 2003-இல் பாஸ்டனுக்குப் போகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத் தாமே சம்மதித்தார். ஆட்டக்காரர் சங்கம் குறுக்கே விழுந்து மறித்தது: ஒருவர் குறைத்தால் நாளை எல்லோருக்கும் குறையும். பிறகு அவர் நியூயார்க் போனார். அவரை மாற்றிக் கொடுத்த டெக்சாஸ் அணி சம்பளத்தில் ஒரு பங்கைச் சுமந்தது. குறுக்கே விழ ஜடேஜாவுக்கு அப்படியொரு சங்கம் இல்லை. 2010-இல் இதே ராஜஸ்தானை விட்டு வேறு கடையில் தாமாக விலை பேசினார் என்று ஓராண்டு தடை வாங்கியவர் அவர். இப்போது கடைக்காரர்களே பேசி முடித்துவிட்டதால் அதற்குப் பெயர் பரிமாற்றம்.