குரங்குக்கு ஒரு திண்ணை

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். இந்த வயசுல எனக்கு ரெண்டு தடவையாவது எந்திரிக்க வேண்டியிருக்கு. வெளிய வந்தா வேப்பமரத்தடியில நீலமா ஒரு மூஞ்சி மட்டும் அந்தரத்துல மிதக்குது. ஒடம்பைக் காணோம். வந்த வேலையே மறந்துபோச்சு எனக்கு. கிட்டப் போய்ப் பாத்தா கொள்ளிவாய்ப் பிசாசு இல்ல, சென்னையில இருந்து ரெஸ்ட் எடுக்க வந்த என் தங்கச்சி மகன். கயித்துக் கட்டில்ல மல்லாந்து செல்லைப் பாத்துக்கிட்டு இருக்கான்.

“என்ன மாப்ளே, தூங்கலையா?”

“தூங்கணும்னுதான் பாக்குறேன் மாமா.”

“எதுல பாக்குறே?”

“சீக்கிரம் தூங்குறது எப்படின்னு ஒருத்தர் வீடியோ போட்டிருக்கார்.”

வீடியோ நாப்பது நிமிஷம். அதைப் போட்ட மகராசன் அந்நேரம் நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்திருப்பான்.

விடிஞ்சதும் சேதி பரவிருச்சு. எங்க ஊர்ல ஒருத்தனுக்குத் தூக்கம் வரலைன்னா ஊரே முழிச்சுக்கிரும். தங்கச்சி போன்ல, “எதையும் நெனைக்காதடா கண்ணு”ங்கிறா. பக்கத்து வீட்டு மதினி, “மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க”ங்கிறா. டீக்கடையில, “ஃப்ரீயா விடுங்க தம்பி”ன்னு சொல்லி டீக்குக் காசு வாங்கிட்டான், அதை மட்டும் ஃப்ரீயா விடலை. வீட்டுக் கடனுக்கு மாசத் தவணை, மேனேஜர் பாத்த பார்வை, பத்தாவது படிக்கிற மக கணக்குல எடுத்த மார்க்கு, இந்த மூணையும் எங்க கொண்டுபோய் விடணும்னு ஒருத்தரும் சொல்லலை.

குரங்கை நெனைக்காம மருந்து குடிக்கச் சொன்ன வைத்தியன் கதை ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. பாவம், நோயாளி அதுவரைக்கும் ஆயுசுல குரங்கைப் பத்தி யோசிச்சதே இல்ல. அன்னையில இருந்து சங்கை எடுத்தாலே வாலோட வந்து முன்னால உக்காந்துக்கிருச்சு. என்னைக் கேட்டா அந்த வைத்தியன் பலே ஆளு. மருந்து பலிக்காதுன்னு அவனுக்கே தெரியும், பழியைக் குரங்கு தலையில கட்டிட்டான். நம்ம வீடுகள்ல “எதையும் நெனைக்காதே”ன்னு சொல்ற அத்தனை பேரும் அந்த வைத்தியன் வம்சந்தான்.

இதை நான் கிண்டலாத்தான் சொன்னேன். மதுரையில சைக்காலஜி படிக்கிற பேத்தி, “தாத்தா, இதைப் பரீட்சையே பண்ணிப் பாத்திருக்காங்க”ன்னா. அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல சான் ஆன்டோனியோன்னு ஒரு ஊரு, டேனியல் வெக்னர்னு ஒரு வாத்தியாரு. 1987ல வெளிவந்த ஆராய்ச்சி. காலேஜுப் பிள்ளைகளைத் தனியா உக்கார வச்சு, அஞ்சு நிமிஷம் மனசுல வர்றதை எல்லாம் வாய் விட்டுச் சொல்லு, ஆனா வெள்ளைக் கரடியை மட்டும் நெனைக்கக் கூடாது, நெனைப்பு வந்தா மணியை அடின்னுருக்கார். அந்தச் சனியன் பிடிச்ச கரடி நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து மணி அடிக்க வச்சிருக்கு. அதோட விடலை. பொறவு, “இப்ப கரடியை நல்லா நெனைச்சுக்கோ”ன்னதும், முன்னால அடக்கி வச்சவங்களுக்குத்தான், மொதல்ல இருந்தே நெனைக்கச் சொன்ன ஆளுகளை விடக் கூடுதலாக் கரடி வந்திருக்கு. ருசியாவுல தஸ்தயேவ்ஸ்கிங்கிற எழுத்தாளர் 1863லயே இந்தக் கரடியைப் பத்தி எழுதி வச்சதாவும், அதுல இருந்துதான் வாத்தியாருக்கு யோசனை வந்ததாவும் பேத்தி சொல்றா. நம்மூருப் பக்கம் வந்திருந்தா குரங்கே கெடைச்சிருக்கும், தீவனச் செலவாவது மிச்சம்.

எனக்கும் ஒரு காலத்துல தூக்கம் போச்சு. கடன் வாங்கி 640 அடிக்குப் போரு போட்டேன். தண்ணி வரலை, வெறும் புகைதான் வந்துச்சு. ராத்திரி கண்ணை மூடினா அந்தப் புகை, தொறந்தா கடன் குடுத்தவன் மூஞ்சி. என் வீட்டுக்காரியும் மொதல்ல, “பேசாமப் படுங்க, எல்லாம் சரியாப் போகும்”னுதான் சொல்லிப் பாத்தா. பத்து நாள் கழிச்சு அவளுக்கும் தூக்கம் கெட்டுப்போகவே ஒரு சட்டம் போட்டா.

“சாயங்காலம் மாட்டைக் கட்டிட்டு வந்து திண்ணையில உக்காந்து அரை மணி நேரம் நல்லாக் கவலைப்படுங்க. நான் கருப்பட்டிக் காப்பி தாறேன். விளக்கு வச்ச பொறவு போர்ப் பேச்சு எடுத்தீங்க, கஞ்சி கெடையாது.”

ராத்திரி நான் பொரண்டா, “அதுக்குத்தான் நாளைச் சாயங்காலம் இருக்குல்ல?”ம்பா. கவனிங்க, கவலையை விரட்டலை. கடன்காரன்ட்ட சொல்ற மாதிரி நாளைக்கு வான்னு அனுப்பிட்டா. மொத நாலு நாள் கேக்கலை, தகராறு பண்ணுச்சு. பொறவு பழகிருச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆனை மாதிரி வந்தது, சாயங்காலம் அஞ்சரை மணி வெளிச்சத்துல ஆட்டுக்குட்டியா வந்து நிக்கும். சிலது வர்றதே இல்ல. கடன் என்னவோ அப்படியேதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா மூணாவது வாரம் திண்ணையிலேயே ஒரு முடிவுக்கு வந்தேன்: இந்த வருசம் மொளகாய் வேண்டாம், மானாவாரியாக் கம்பு போட்டாப் போதும். கட்டில்ல கெடந்து யோசிச்சிருந்தா இன்னொரு போரு போட்டிருப்பேன்.

பேத்தி இதைக் கேட்டுட்டுச் சிரிக்கா. பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில போர்க்கோவெக்னு ஒருத்தர், கூடச் சிலரும் சேர்ந்து 1983ல இதே வைத்தியத்தை எழுதியிருக்காங்களாம். தெனம் ஒரே நேரம், ஒரே எடம், அரை மணி நேரக் கவலை. மத்த நேரத்துல வந்தா, அப்புறம் பாக்கலாம்னு தள்ளி வச்சுட்டுக் கைவேலையைப் பாக்கணும். என் வீட்டுக்காரி கேட்ட ஒரே கேள்வி, “அந்த ஐயா வீட்டம்மா காப்பி குடுத்தாளா?”

இன்னொரு சங்கதி. 2018ல, அதுவும் டெக்சாஸ்தான், 57 பேரைப் படுக்கப் போறதுக்கு முந்தி அஞ்சு நிமிஷம் எழுத வச்சிருக்காங்க. முடிச்ச வேலைகளை எழுதுனவங்களை விட, இனிமே செய்ய வேண்டியதை எழுதுனவங்க சுமார் 9 நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்க. எழுதி வச்ச பொறவு அதை மண்டை காவல் காக்க வேண்டியதில்ல போல. நம்ம மளிகைக்கடை அண்ணாச்சி பத்து மணிக்கெல்லாம் கொறட்டை விடுற ரகசியம் எனக்கு இப்பத்தான் வெளங்குது. ஊர்க் கவலை மொத்தமும் பேரேட்டுல கெடக்கு, அவர் மண்டையில ஒண்ணுமில்ல.

ஒரு எடத்துல மட்டும் நான் கேலி பேச மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு மேல மனசு கெடந்து அழுத்துது, சாப்பாடு எறங்கலை, பிடிச்சது எதுலயும் பிடிப்பு இல்ல, செத்துப்போனா என்னன்னு தோணுதுன்னா, திண்ணையும் காப்பியும் காணாது. டாக்டரைப் பாக்கணும். அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மானஸ், 14416, காசில்லாம தமிழ்லயே பேசலாம். காய்ச்சலுக்கு ஊசி போட்டா நாலு பேர்ட்ட சொல்றோம், இதுக்கு மட்டும் ஜன்னலைச் சாத்திட்டுக் குசுகுசுங்கிறோம். அப்படிச் சாத்தி வச்ச ஒரு வீடு எங்க தெருவுல இருந்துச்சு. அந்தக் கதை இன்னைக்கு வேண்டாம்.

மருமகனைச் சாயங்காலம் திண்ணையில உக்கார வச்சேன். செல்லைப் பிடுங்கி உரலுக்குள்ள போட்டாச்சு. கையில மகளோட பழைய கணக்கு நோட்டு, பென்சில். வீட்டுக்காரி காப்பி கொண்டாந்து வச்சா. தவணைன்னு எழுதி, கீழே பேங்குல போய்க் கேக்கணும்னு எழுதினான். மேனேஜர்னு எழுதிட்டு ரொம்ப நேரம் பென்சிலைக் கடிச்சான், பொறவு, அவருக்கும் வீட்டுல ஏதோ இருக்கும் போலன்னு எழுதினான். மக மார்க்கு வந்ததும் சிரிப்பை அடக்க முடியலை, அந்த நோட்டுலயே அவன் கண்ணுல பட்ட பக்கம் பூரா பூனைப் படம்.

கடிகாரத்தைப் பாத்தான். பதினோரு நிமிஷந்தான் ஆகியிருந்துச்சு.

“மாமா, முடிஞ்சிருச்சு. இன்னும் பத்தொம்பது நிமிஷம் இருக்கே, என்ன செய்ய?”

“சும்மா இருக்கியா மாப்ளே? என் போர்க்கடன் கொஞ்சம் பாக்கி கெடக்கு. அதைப் பிடி.”