பத்திரிகைக்காரருக்கு ஒரு சிலை

தமிழ்நாட்டில் எந்த முச்சந்தியிலும் இன்னொரு சிலைக்கு இடம் உண்டு. ஆகவே தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்துக்கு ஒரு சிலையைப் பரிந்துரைக்கிறேன். பயப்பட வேண்டாம், தலைவர் சிலை அல்ல. இதற்குக் கம்பிக்கூண்டு போட வேண்டியதில்லை, தேர்தல் வந்தால் துணியால் மூடவும் வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். 1785 அக்டோபர் 12-இல் சென்னையில் ‘மெட்ராஸ் கூரியர்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர்.

கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் அச்சுக்காரரும் அவரே. அரசு உத்தரவை அச்சடித்த கையாலேயே செய்தியையும் அச்சடித்தார். கம்பெனியும் நன்றி மறக்காமல் அந்த இதழுக்குத் தபால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. அரசு விளம்பரத்துக்காகக் கோட்டைப் படிகளில் செருப்புத் தேய நடக்கும் இன்றைய முதலாளிகளுக்கெல்லாம் குலதெய்வம் இவர்தான். படையல் வைக்காமல் விட்டால் தெய்வக்குற்றம்.

பென்னாகரத்தில் எதற்கு என்றால், கம்பெனிக்கும் திப்பு சுல்தானுக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் இந்த ஊருக்குள்ளும் வந்து போனது. 1791 அக்டோபர் முடியும் நேரம். பாராமஹால் என்ற இந்த வட்டாரத்தைத் திரும்பப் பிடிக்கத் திப்பு அனுப்பிய படையைத் தேடிக்கொண்டு பிரிட்டிஷ் கர்னல் மேக்ஸ்வெல் வந்தார். பென்னாகரம் கோட்டைக்குச் சமாதானக் கொடியோடு ஆள் அனுப்பினாராம். உள்ளே இருந்தவர்கள் கொடியை நோக்கிச் சுட்டார்களாம். பிறகென்ன, ஏணி வைத்து ஏறினார்கள். காவலில் இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கணக்கை எழுதியவர்கள் யார்? ஏணியில் ஏறியவர்கள். கொடியைச் சுட்டிருக்கலாம், திப்புவின் ஆட்கள் சாதுக்கள் என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவில்லை. ஆனால் சுடவில்லை என்று சொல்ல ஒருவன் பிழைத்திருந்தாலும், அவனுக்கு அச்சகம் இல்லை, கப்பல் இல்லை, இலவசத் தபாலும் இல்லை. செத்தவன்மேல் குற்றம் சாட்டுவதைப்போலச் சௌகரியமான செய்தி உலகத்தில் வேறு கிடையாது. மறுப்புக் கடிதமே வராது. அடுத்த வாரம் இதே மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏறப் பார்த்து, மேலிருந்து உருண்டு வந்த பாறைகளால் முறியடிக்கப்பட்டுத் திரும்பினார். அந்தப் பாறைகளை உருட்டியவர்களின் பெயர் எந்த இதழிலும் வரவில்லை.

போர்க்கள நிருபர் என்ற ஜாதியே அன்று கிடையாது. பாளையத்திலிருந்து அதிகாரி எழுதும் கடிதம்தான் செய்தி. அது சென்னையில் அச்சேறும், கப்பலேறும், ஐந்தாறு மாதம் கழித்து லண்டனில் காப்பிக் கடை மேசைக்கு வரும். 1791 மே மாதம் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போன கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், மழையிலும் மாட்டுப் பஞ்சத்திலும் சிக்கி, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். அதைக் கேலி செய்து ஜேம்ஸ் கில்ரே வரைந்த கார்ட்டூன் டிசம்பரில் வந்தது. லண்டன் ஓடிவந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பென்னாகரத்தில் பிணங்கள் புதைபட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பிலும் நியாயம் தேடாதீர்கள். இந்தப் போர் எதற்கு என்று நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி கேட்டது உண்மை. ஆனால் பத்திரிகைகளில் ஒரு பகுதி அந்தக் கட்சியின் பையில் இருந்தது. இன்னொரு பகுதி பிரதமர் பிட் அரசின் ரகசியப் பணத்தில் சாப்பிட்டது. 1792-இல் வெற்றி வந்ததும் எல்லா வாயும் ஒரே பாட்டுப் பாடியது. ஆஸ்ட்லி அரங்கில் குதிரை வித்தைக்காரர்கள் பெங்களூர் முற்றுகையை நடித்துக் காட்டினார்கள். டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் போர் வீரர்கள் ஆனார்கள்.

உச்சக்கட்டம், பிள்ளைகள் கதை. பாதி ராஜ்யத்தோடும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயோடும் திப்புவின் மகன்களில் இருவரையும் காரன்வாலிஸ் பிணையாகக் கேட்டு வாங்கினார். பால்மணம் மாறாத சிறுவர்கள். ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவன் மிட்டாய் கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நம் ஊரில் அவனைக் கம்பத்தில் கட்டுவார்கள், லண்டனில் படமாகத் தீட்டிச் சுவரில் மாட்டினார்கள். இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்காத மேதர் பிரவுன் என்ற ஓவியர் அந்தப் பிரிவுக் காட்சியை உருக உருக வரைந்தார். கொள்ளைக்காரன் தகப்பனானான், சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பென்னாகரத்துக்கு என்ன கிடைத்தது? பாராமஹாலோடு சேர்ந்து கம்பெனி வசமானது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து வயலை அளந்து தீர்வை போட்டார்கள். மன்றோவுக்குச் சென்னையில் குதிரையோடு சிலை இருக்கிறது. அளந்தவனுக்குச் சிலை, அளக்க வழிசெய்து கொடுத்த பத்திரிகைக்காரனுக்கு இல்லை. இது என்ன நீதி?

இவ்வளவு விசுவாசத்துக்கும் எஜமான் கொடுத்த கூலியையும் கேளுங்கள். 1799-இல் திப்பு விழுந்த பத்தாவது நாளே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பத்திரிகை விதிகள் வந்தன. அரசுச் செயலாளர் பார்க்காமல் ஒரு தாளும் வெளிவரக் கூடாது. மீறினால் ஆசிரியரைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுவார்கள். வாலாட்டிய நாய்க்கும் சங்கிலிதான்.

வாலாட்டாத ஒருவரும் இதே பென்னாகரம் தாலுகாவில் வாழ்ந்து மறைந்திருக்கிறார். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா. ‘ஞானபாநு’ நடத்தியவர். ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போய், தொழுநோயோடு வெளியே வந்தவர். அவர் ரயிலேறக் கூடாது என்றது அரசு. ஜான்ஸ்டனுக்கு இலவசத் தபால், சிவாவுக்கு ரயில்கூட இல்லை. பத்திரிகைச் சுதந்திரம் பற்றி வகுப்பெடுக்க இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் தேவையில்லை.

பழங்கதை என்று யாராவது சொன்னால் இலங்கைப் போர் முடிந்த 2009-ஐ நினையுங்கள். நிருபர்களை வெளியே நிறுத்திவிட்டு, முள்ளிவாய்க்காலில் நடப்பது மனிதாபிமான மீட்பு என்றது கொழும்பு. நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொல்ல இரண்டு ஆண்டுகள் ஆயின. வெள்ளைக்கொடி பிடித்துச் சரணடையப் போனவர்களைக் கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இன்னும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கொடியை அவன் சுட்டால் படையெடுக்கக் காரணம். நாம் சுட்டால் வதந்தி. 2025 மே மாதம் நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சில, ஸ்டுடியோவில் உட்கார்ந்தபடியே கராச்சித் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கின. விடிந்து பார்த்தால் துறைமுகம் அப்படியே இருந்தது. வெட்கப்பட்டவர்களைத்தான் காணவில்லை.

அடுத்த போர் வரும். சைரன் சத்தத்தோடு நெறியாளர் கத்துவார். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குண்டு விழுகிற பக்கத்தில் உன் ஆள் யார் இருக்கிறான்? ஒருவரும் இல்லை என்றால் நீங்கள் பார்ப்பது செய்தி அல்ல, ராணுவ உத்தரவு. அதற்கு மாதாமாதம் கேபிள் பணம் வேறு கட்டுகிறோம்.