மக்கரியல்: நீர் ஸ்கூட்டர் கிளம்பாமைக்கு ஓர் உரை

கிளம்பிய எஞ்சினைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது ஓடும், ஓட்டுபவர் நனைவார், கரையில் நிற்பவர் செல்போனில் படம் பிடிப்பார். கிளம்பாத எஞ்சின் அப்படியல்ல. ஐந்து நிமிடத்துக்குள் அதைச் சுற்றி ஒரு கருத்தரங்கு கூடிவிடும். தலைமையுரை உண்டு, மறுப்புரை உண்டு, தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி உண்டு. பேசாதது எஞ்சின் ஒன்றுதான். இத்தனை பேருடைய அறிவைத் தூண்டும் ஒரு பொருளுக்கு இலக்கணம் வகுக்காமல் விட்டது முன்னோர் பிழையன்று. அவர்கள் காலத்தில் அது இல்லை. அந்தச் சலுகை நமக்குக் கிடையாது.

முதலில் வரையறை. நீர் ஸ்கூட்டராவது, அடிவயிற்றிலுள்ள கம்பிச் சட்டம் வழியாக நீரை உறிஞ்சிப் பின்புறத் துளை வழியாகப் பீய்ச்சி, அந்த உந்துதலில் ஓடுவது. அடுத்து திணை. இது நெய்தல் நிலத்து வண்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் கருக்கொண்டது பாலையில். 1960களில் மோட்டார் சைக்கிள் பிரியரான கிளேட்டன் ஜேகப்சன், அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் வண்டியிலிருந்து விழுந்து எழுந்து, மண்ணில் விழுவதற்குத் தண்ணீரில் விழுந்தால் தேவலையே என்று நினைத்ததாகச் சொல்வார்கள். 1968இல் அந்த எண்ணத்தைச் சீ-டூ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கனடாவின் பொம்பார்டியர், பனிமேல் ஓடும் வண்டிகளுக்குப் பேர்போன கம்பெனி. 1973இல் கவாசாகி 400 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஜெட் ஸ்கீயை இறக்கியது. ஆக, பாலையில் தோன்றி, பனிக்காரர் கையில் வளர்ந்து, கடலில் மக்கர் செய்வது இதன் வரலாறு. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்றும் சிறுபொழுது எற்பாடு என்றும் இலக்கணம் சொல்கிறது. மாலை நாலரை மணிக்கு, டிக்கெட் வாங்கியவர்கள் வரிசையில் நிற்க, கிளம்பாத வண்டியருகே முழங்கால் தண்ணீரில் நிற்கும் உரிமையாளரைப் பார்த்தவர் எவரும் அந்த இலக்கணத்தில் குறை சொல்லமாட்டார்.

இனி நம் கொள்கை. கிளம்பாத எஞ்சினில் கோளாறு பெரும்பாலும் காசில்லாத இடத்தில் இருக்கும். தேடலோ காசு அதிகமான இடத்திலிருந்துதான் தொடங்கும். இதை மக்கரியலின் முதல் விதி என்க. காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். "பிஸ்டன் போயிருக்கும்" என்று சொல்பவரை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "கயிறு மாட்டியிருக்கா?" என்று கேட்பவரை உரிமையாளர் முறைக்கிறார். அறிவுக்குக் கிடைக்கும் மரியாதை கோளாறின் விலையோடு சேர்ந்தே ஏறுவதால், எவரும் கீழிருந்து தொடங்குவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கழிமுகம் ஒன்றில் கேட்டது:

"தம்பி, கம்ப்ரஷன் போச்சு. போரிங் பண்ணாம ஓடாது."

"அண்ணே, பேட்டரி ஒயரு கழண்டிருக்கு. கொஞ்சம் தள்ளிக்கோங்க, மாட்டணும்."

"ஒயரு மாட்டினா ஓடும். ஆனா கம்ப்ரஷன் போனது போனதுதான்."

விதியின் அழகே இதுதான். வண்டி கிளம்பினாலும் கொள்கை தோற்பதில்லை.

விலை வரிசையைத் திருப்பிப் போட்டால் கிடைப்பதே சரியான ஆய்வு முறை. அதற்குக் கண்ணைவிடக் காது உதவும். "ஓசையின் அறிக கிளம்பா வண்டி" என்பது நூற்பா. இதன் பொருள்: பட்டனை அழுத்தும்போது வண்டி என்ன சொல்கிறது என்று கேள், அக்கம்பக்கத்தார் சொல்வதை அப்புறம் கேட்கலாம். ஓசை நான்கு வகைப்படும். ஒன்று, சத்தமே இல்லாமை. இரண்டு, ஒற்றை 'டக்'. மூன்று, 'டகடகடக' என்னும் அடுக்குத்தொடர். நான்கு, எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாமை. முதல் மூன்றும் மின்சாரத்தை நோக்கி விரல் நீட்டும், ஒற்றை 'டக்' மட்டும் வேறோர் ஆபத்தையும் குறிக்கலாம். நான்காவது பெட்ரோலையும் பிளக்கையும் பார்க்கச் சொல்லும். இந்த வகைப்பாடு தெரிந்தால் பிஸ்டன்காரரிடம் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே வேலை பார்க்கலாம்.

சத்தமே இல்லையென்றால் முதலில் கயிறு. ஓட்டுபவர் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறு அது, பெரும்பாலும் சிவப்பு. அதன் மறுமுனையிலுள்ள கிளிப் ஹேண்டில் பாரின் நிறுத்தப் பட்டனுக்கு அடியில் செருகியிருக்க வேண்டும். சில மாடல்களில் தொப்பிபோல ஒரு குமிழின்மேல் அமரவேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டுக் கிளிப் கழன்று எஞ்சின் நின்றுவிடும். ஆளில்லாத வண்டி நீந்துபவர் தலைமேல் ஏறாமலிருக்க இந்த ஏற்பாடு. செருகவில்லையென்றால் ஆள் விழுந்ததாகவே வண்டி கருதும். மேலே உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டிருப்பவரை அது ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. சீ-டூக்கள் பலவற்றில் இந்தக் கயிற்று முனையில் மின் அடையாளமும் உண்டு. சரியான சாவி உட்கார்ந்தால் இரண்டு 'பீப்' கேட்கும். கேட்காவிட்டால், உப்புப் படிந்த அந்தக் குமிழைத் துடைத்து மறுபடி அழுத்துவதே பரிகாரம். செலவு, சட்டை நுனியின் ஈரம்.

கயிறு இருந்தும் சத்தமில்லையென்றால், அல்லது 'டகடக' என்றால், பேட்டரி. நிறை சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12க்குக் கீழே இறங்கியதைக் கிட்டத்தட்டக் காலி என்றே எண்ணலாம். இருக்கையைத் தூக்கினால் டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையும் வெள்ளையுமான பொடி பல நேரம் மீட்டரை வெளியே எடுக்கவே விடாது. உப்புக் காற்றில் உலோகம் பூக்கும் பூ அது. சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவினால் போதும். கருத்தரங்கில் பாதிப் பேர் இந்த இடத்தில் கலைந்துவிடுவார்கள்.

கயிற்றதிகாரம் இன்னும் முடியவில்லை. நீர் ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லை. எஞ்சின் தண்டு நேராக நீரைத் தள்ளும் விசிறியோடு பிணைந்திருக்கிறது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றியே தீரும். ஆகவே அடிச்சட்டம் வழியாக ஒரு நைலான் வலைத் துண்டோ நங்கூரக் கயிறோ ஏறி விசிறியில் சுற்றிக்கொண்டால் எஞ்சினே அசையாது. செல்ஃப் ஒற்றை 'டக்' சொல்லி அடங்கிவிடும். மேலே கயிறு இல்லாவிட்டால் கிளம்பாது, கீழே கயிறு இருந்தால் கிளம்பாது. கயிற்றைப் பாம்பென்று மயங்கியவனைப் பற்றி வேதாந்திகள் நிறையப் பேசியிருக்கிறார்கள்; கயிற்றைப் பிஸ்டன் என்று மயங்குபவனை அவர்கள் கண்டதில்லை. வெளியே இழுக்கும் முறை: மேல் கயிற்றைக் கழற்று, பேட்டரி இணைப்பை எடு, அதன்பின் கையை விடு. இந்த வரிசையில் மட்டும் நகைச்சுவை கிடையாது.

இங்கே ஒரு தடை எழுப்புவார் உளர். எஞ்சின் எதுவாயினும் சாய்த்து நிமிர்த்தினால் கிளம்பும் என்பது அவர் கட்சி. எழுபதுகளிலிருந்து நம் தெருக்களில் பஜாஜ் சேட்டக்கை ஒருபக்கம் சாய்த்துக் கிக்கரை உதைத்த தலைமுறையின் சொத்து இந்தக் கொள்கை; அந்த வண்டிக்கு அது பொருந்தியது என்பதை மறுக்க நாம் யார்? ஆனால் நீர் ஸ்கூட்டரின் புகைக்குழாய்ப் பெட்டியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். தப்பான பக்கம் சாய்த்தால் அது பின்னோக்கிப் போய்ச் சிலிண்டருக்குள் இறங்கும். கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாகப் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்று பின்புறத்தில் அம்புக்குறியோடு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அதனால்தான். மாடலுக்கு மாடல் பக்கம் மாறும். ஆகவே அனுபவம் அல்ல, ஸ்டிக்கரே பிரமாணம்.

தண்ணீர் உள்ளே போய்விட்டதென்று கொள்க. பெட்ரோல் கலந்த காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலேறி அதில் முட்டி நிற்கும். அந்த முட்டலின் ஓசையும் ஒற்றை 'டக்'தான். இப்போது பட்டனை விடாமல் அழுத்துகிற வீரர் கனெக்டிங் ராடை வளைத்துவிடக்கூடும். அப்போது பிஸ்டன்காரர் சொன்னது ஒருவழியாக உண்மையாகிவிடும், அதை உண்மையாக்கிய புண்ணியமும் பட்டனை அழுத்தியவரையே சேரும். செய்யவேண்டியது, எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை எர்த்தில் மாட்டி, முகத்தை விலக்கிக்கொண்டு செல்ஃபைச் சிறிது சிறிதாகத் தட்டுவது. துளை வழியாகத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடிக்கும். குழந்தைகளுக்குப் பிடித்த கட்டம். உப்புநீராக இருந்தால் அன்றைக்கே எஞ்சினை ஓடவைத்து உலர்த்தியாகவேண்டும். இரவு தங்கினால் துரு தன் வேலையைத் தொடங்கிவிடும்.

தண்ணீர் உள்ளே போக இன்னொரு ராஜபாட்டையும் உண்டு. சவாரி முடிந்தபின் ஹோஸ் பைப் மாட்டி உப்பைக் கழுவும் நல்ல மனிதர்களே அதில் அதிகம் வழுக்குகிறார்கள். இதற்கு நூற்பா: "முன்னது எஞ்சின் பின்னது நீரே, நிறுத்துங் காலை நீரே முன்னது." அதாவது, எஞ்சினைக் கிளப்பிய பிறகு குழாயைத் திற, குழாயை மூடிய பிறகு எஞ்சினை நிறுத்து. வெளிநீரால் குளிரும் வண்டிகளில் இந்த வரிசை மாறினால், தள்ளிவிடப் புகை இல்லாத நேரத்தில் நீர் நிரம்பிச் சிலிண்டரைத் தேடிப் போகும். நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி வேகமாக இழுத்துவந்தாலும் இதே கதி. உதவிக்கு வந்தவர் உபத்திரவம் செய்வதற்குத் தமிழில் உதாரணம் தேடுவோர் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காம் ஓசைக்கு வருவோம். சுற்றுகிறது, பற்றவில்லை. பழைய கார்பரேட்டர் வண்டியானால் பெட்ரோல் வால்வு மூடியே இருக்கிறதா என்று பார். முந்தின நாள் மூடியவர் உரிமையாளரே என்பதால் இதைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். மழைக்காலம் முழுக்க டேங்கில் கிடந்த பெட்ரோலானால் மூடியைத் திறந்ததுமே வார்னிஷ் வாடை வரும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அடியிலிருந்து உறிஞ்சும் குழாய்க்கு முதலில் கிடைப்பது அதுதான். தொண்ணூறுகளின் சீ-டூக்களில் சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே சிதைந்து பச்சைக் கசடாகி, கார்பரேட்டரிலுள்ள பொடி வடிகட்டியை அடைத்த கதையும் உண்டு. பெட்ரோல் அதிகமாகிப் பிளக் நனைந்திருந்தால் சிகிச்சை வேறு. ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி பட்டனைத் தட்டவேண்டும். இன்ஜெக்டர் வைத்த புது வண்டிகள் பலவற்றில் அப்படிச் செய்தால் பெட்ரோல் வருவது நின்று காற்று மட்டும் போகும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் செல்ஃப் மோட்டார் ஆற வேண்டும். பொறுமையில்லாதவர் இந்தக் கட்டத்தில் மோட்டாரையும் சேர்த்து வாங்குகிறார்.

எஞ்சிய ஒரு விஷயம், ஆய்வுக்கூடத்தின் காற்றோட்டம். எஞ்சின் இருப்பது மூடிய கூட்டுக்குள். பெட்ரோல் கசிந்திருந்தால் ஆவி காற்றைவிடக் கனமாகையால் அடியிலேயே தங்கும். செல்ஃபின் ஒரு பொறி போதும். ஆகவே எந்த வாதத்தைத் தொடங்குமுன்பும் இருக்கையைக் கழற்றிச் சில நிமிடம் திறந்துவைக்க வேண்டும். பீடி பற்றவைத்தவர்கள் தங்கள் கம்ப்ரஷன் கொள்கையைக் கரையில் நின்றே உரக்க எடுத்துரைக்கலாம், குறிப்பெடுத்துக்கொள்ள ஆளிருக்கிறது.