ஹோட்டல் டி வெள்ளவத்தை

எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. படுக்க அறை இருக்கிறதா என்று கேட்டால் முதலாளி உங்களை மேலும் கீழும் பார்ப்பார். கல்கிசையில் 100ஆம் நம்பர் பஸ் ஏறிக் காலி வீதி வழியே கொழும்புக்குப் போனால் பலகைகளை வாசித்துக்கொண்டே போகலாம். ‘ஹோட்டல்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே நாலு மேசை, கண்ணாடி அலுமாரிக்குள் றோல்ஸ், வாசலில் கொத்து அடிக்கிற தகடு. சில கடைகளின் பேரில் நடுவே ஒரு ‘டி’யும் வரும், ‘ஹோட்டல் டி பிலாவூஸ்’ மாதிரி.

இந்த ‘டி’ பிரெஞ்சுக்காரனுடைய சொத்து. போர்த்துக்கேயன் எங்களுக்குப் பாணைத் தந்தான். ஒல்லாந்தன் கக்கூசைத் தந்தான். (பகிடி இல்லை, சொல்லே அவனுடையதுதான்.) ஆங்கிலேயன் ரீ தந்தான். பிரெஞ்சுக்காரன் 1672இல் ஒருமுறை, 1782இல் ஒருமுறை திருகோணமலைக்குக் கப்பலோடு வந்து பார்த்தான், ஒன்றும் தரிக்கவில்லை. கடைசியில் ‘ரீ’ விற்கிற கடைகளுக்கு ஒரு ‘டி’யை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

அந்த ‘டி’யை நம்பி மோசம்போனவர் என் அத்தான். 1986இல் பாரிசில் போய் இறங்கி மூன்றாம் நாள், கையில் காசு கொஞ்சம், வயிற்றில் பசி நிறைய. நிலக்கீழ் ரயிலில் ஒரு தரிப்பிடத்தின் பேர் ‘ஒத்தெல் து வில்’ என்று எழுதியிருக்கக் கண்டார். அவர் அதை ஆங்கிலத்தில் கூட்டி ‘ஹோட்டல் டி வில்’ என்று வாசித்தார். எங்கட ஆக்களின்ர கடை, சோறு இருக்கும் என்று மேலே ஏறினால், எதிரே அரண்மனை மாதிரி ஒரு கட்டடம். ‘பெரிய முதலாளி போல’ என்று வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார். காவலாளி கேட்டது விசாவை. அது பாரிஸ் மாநகரசபை. எங்கள் ஹோட்டலில் படுக்க இடமில்லை, அவர்களுடைய ஹோட்டலில் படுக்கவும் இடமில்லை, சாப்பாடும் இல்லை.

அத்தான் பிறகு ரெஸ்ரோரண்ட் குசினிகளில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, சமையலுக்கு ஏறி, கடைசியில் அக்காவையும் கூட்டிக்கொண்டு சாப்ளி பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வாங்கிவிட்டார். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு ரெஸ்ரோரண்ட், மிச்சமெல்லாம் திராட்சைத் தோட்டம். 2018 யூலையில் நானும் மனிசியும் போனோம். பிரான்ஸ் உலகக் கிண்ணம் வென்று நாலே நாள். யன்னல்களில் இன்னும் கொடி தொங்கியது.

முதல் நாளே, “அக்கா, இண்டைக்குச் சமைக்க வேண்டாம், வெளியில சாப்பிடுவம், காசு நான்” என்று பெரிய மனிசத்தனம் காட்டினேன். வெளிக்கிட்டு, மனிசி சீலையை மாற்றி, படம் எடுத்து, போய்ச் சேர இரண்டு மணி பத்து நிமிடம். கடை திறந்திருந்தது. மேசைகளில் சனம் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் எங்களுக்கு இல்லை. அந்த அம்மா சுவர் மணிக்கூட்டை விரலால் காட்டி, அழகாகச் சிரித்து, குசினி பூட்டியாயிற்று என்றார்.

“பூட்டினால் திறக்கிறது தானே?” என்றேன் அத்தானிடம்.

“தம்பி, இஞ்ச பன்னிரண்டில இருந்து இரண்டு. பிறகு இரவு ஏழுக்கு. இடையில சனாதிபதி வந்தாலும் சோறு இல்லை.”

“ஒரு முட்டையாவது பொரிச்சுத் தரச் சொல்லுங்கோவன்.”

அத்தான் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். ஞாயிறு இரவும் திங்கள் முழுதும் அந்தப் பக்கக் கடைகள் பலதுக்கும் பூட்டாம். எங்கள் நாட்டில் போயா நாளென்றால் இறைச்சியும் சாராயமும்தான் இல்லை. சோறே இல்லாத போயாவை வாராவாரம் கொண்டாடுகிறவர்களை அன்றுதான் கண்டேன். காருக்குள் இருந்து நீளப் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டோம். வெள்ளவத்தையில் பின்னேரம் நாலு மணிக்கு, இரவு பதினொன்றுக்கு, எப்போது போனாலும் தகட்டில் சத்தம் கேட்கும் என்ற நினைப்பு வந்து தொண்டையை அடைத்தது. பாணும் அடைத்தது.

மறுநாள் விடவில்லை. பதினொன்றே முக்காலுக்கே போய் வாசலில் நின்றோம். கதவு பூட்டு. உள்ளே ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, எங்களைக் காண்கிறார்கள், கையசைக்கிறார்கள், திறக்கவில்லை. தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது, கதவு திறந்தது. பூசைக்குத் திரை விலகினது மாதிரித்தான்.

ஒரு கரும்பலகையில் வெண்கட்டியால் அன்றைய சாப்பாடு. அதைத் தவிர வேறு கேட்கக்கூடாது. தண்ணிப் போத்தலும் ஒரு கூடை பாணும் முதலில் வந்தன. இங்கேதான் என் கொழும்புப் புத்தி வேலை செய்தது. எங்கள் கடைகளில் சோட் ஈற்ஸ் எப்படி வரும்? ஒரு கோப்பையில் றோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை என்று குவித்து வைப்பார்கள். தின்றதை எண்ணிக் காசு. ஆகவே கூடையில் பதினாறு துண்டு என்று எண்ணி வைத்துக்கொண்டேன். மனிசிக்கும் கண்ணைக் காட்டினேன். ஆளுக்கு ஒன்றோடு நிறுத்தினோம். பாணும் குழாய்த் தண்ணியும் அந்த நாட்டில் சும்மா என்று அத்தான் சொன்னபோது கூடை திரும்பிப் போய்விட்டது. தண்ணி சும்மா கிடைக்கும் என்பதை எழுதியே காட்டவேண்டும் என்று 2022 முதல் சட்டம் வேறு போட்டிருக்கிறார்களாம். நான் நாலு வருடம் முந்திப் போனதுதான் பிழை.

முதல் சாப்பாடு நத்தை. ஆறு நத்தை, பூண்டும் பச்சை இலையும் போட்ட வெண்ணெயில் மிதந்துகொண்டு வந்தது, பிடிக்க ஒரு குறடு, தோண்ட ஒரு குட்டி முள்ளுக்கரண்டி. கல்கிசையில் மழை பெய்தால் எங்கள் மதிலில் நத்தை ஏறும். நான் உப்புப் பைக்கற்றோடு இரவில் இறங்குவேன். இத்தனை வருடமாகப் பொன்னாய் விளைந்ததை உப்புப் போட்டு அழித்திருக்கிறேன்! ருசி? வெண்ணெய் ருசி. அந்த வெண்ணெயில் செருப்பைப் போட்டாலும் நல்லாய்த்தான் இருக்கும்.

மனிசிக்கு அன்று ஆடி வெள்ளி. சைவம் என்று அத்தான் விளக்கினார். அந்த அம்மா மிகவும் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டுக் கீரைச் சலாது கொண்டுவந்தார். மேலே பன்றி இறைச்சி, சின்னச் சின்னதாய். “இது இறைச்சி எல்லோ” என்றதற்கு, “கொஞ்சம்தானே” என்றாராம். மனிசி அன்றைக்குப் பாணோடு விரதம் முடித்தாள். அதுவும் ஒரு துண்டோடு.

எனக்கு வந்தது அந்துயெத். பலகையில் அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஆங்கில ஏ எழுத்து ஐந்து தரம் போட்டிருந்தது. அதை அவர்கள் ‘ஆ’ என்று சொல்வார்கள். “ஐந்து ஆ போட்டிருக்கு தம்பி, முதல்தரம்” என்று அத்தான் ஊக்கினார். அந்துயெத்துக்கு ஒரு சங்கமே இருக்கிறது: அசல் அந்துயெத் அபிமானிகளின் நேய சங்கம் என்று தமிழில் சொல்லலாம். பிரெஞ்சில் அந்த ஐந்து சொல்லும் ஆவன்னாவில் தொடங்கும். அவர்கள் ருசி பார்த்துச் சரி என்றால் ஐந்து ஆ கிடைக்கும். நான் கத்தியை வைத்து வெட்டினேன். உள்ளேயிருந்து ஒரு மணம் எழும்பியது. பன்றிக் குடலைப் பன்றிக் குடலுக்குள் அடைத்தது அந்தப் பண்டம். ஆ, ஆ, ஆ, ஆ, ஆ! சங்கத்தின் தீர்ப்பு முற்றிலும் சரி.

அத்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பதினெட்டு வருசம் இதைப் பொரிச்சனான் தம்பி. ஒருநாளும் வாயில வைக்கேல்லை.”

“அப்ப பதம் என்னெண்டு பாத்தனீங்கள்?”

“மணத்தில. என்னால நிக்க ஏலாமல் வந்தால் சரி எண்டு அர்த்தம்.”

அவர் செய்த கோப்பைகளுக்கு ஒருவரும் குறை சொன்னதில்லையாம். பாரிஸ் ரெஸ்ரோரண்ட் குசினிகளில் எங்கள் பெடியள் எத்தனையோ பேர் இப்படித்தான் நின்றார்கள், நிற்கிறார்கள். வெள்ளைக்காரன் கண்ணை மூடி ரசிக்கிற குழம்பில் பாதிக்குக் கரண்டி பிடித்தது யாழ்ப்பாணத்துக் கை. பிறகு அந்தக் கை இரவு பன்னிரண்டுக்கு அறைக்கு வந்து சோறும் பருப்பும் காய்ச்சும்.

அடுத்ததாகப் பாற்கட்டி. இனிப்புக்கு முன்னால் அது வரவேண்டுமாம். எப்புவாஸ் என்று அந்தப் பக்கத்துக் கட்டி, ஒழுகிக்கொண்டு வந்தது. மணத்தை எங்கேயோ அறிந்திருக்கிறேன் என்று யோசித்தால் மன்னார்க் கருவாடு. பாரிசில் மாடிவீட்டில் இருந்த காலத்தில் அக்கா கருவாடு பொரித்து, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி முறைப்பாடு சொன்னவராம். அவர் என்ன பாற்கட்டி தின்றுவிட்டு வந்தார் என்று அக்கா கேட்கவில்லை. பிரெஞ்சு அப்போது அவ்வளவு வராது.

இனிப்பு வந்தது, அது முடிந்த பிறகுதான் கோப்பி வந்தது. மணி மூன்று. பில் வரவில்லை. மூன்றே கால். கேட்காமல் பில் கொண்டுவருவது அங்கே ‘எழும்பிப் போ’ என்று சொல்வது மாதிரியாம். பிரெஞ்சுக்காரர் கூடி உண்ணும் விருந்தை யுனெஸ்கோ 2010இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மரபுரிமையை மூன்றேகால் மணித்தியாலம் ஒரே கதிரையில் இருந்து காத்ததில் எனக்கு இடுப்பு பிடித்துவிட்டது.

இனி மறுபக்கம். 2024 ஓகஸ்டில் அவர்கள் குடும்பமாய்க் கல்கிசைக்கு வந்தார்கள். மருமகனுக்கு இருபத்துநாலு வயது, பிறந்தது பாரிஸ், தமிழ் பேசுவான், ஆனால் மூக்கால். முதல் பின்னேரம் அக்காவின் ஆசைக்காகக் கடற்கரைக் குன்றில் இருக்கிற பெரிய ஹோட்டலுக்குப் போய் ரீ குடித்தோம். குவாய் நதிப் பாலம் படத்தில் அதுதான் ஆஸ்பத்திரி, அந்தக் கதையை எழுதினவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்று சொல்லி மருமகனை மடக்கினேன். அங்கே அறை உண்டு. ஆகவே அதை நாங்கள் சாப்பாட்டுக்கு எண்ணுவதில்லை.

சனி இரவு வெள்ளவத்தைக்கு இறக்கினேன். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பாரிசில் மாதிரி ஆள் வந்து மேசை காட்டி இருத்துவார்கள் என்று மருமகன் வாசலில் காத்துக்கொண்டு நின்றான். “டேய், இஞ்ச வா” என்று இழுத்துக்கொண்டுபோய், எழும்பப்போகிற குடும்பம் எது என்று கண்ணால் கணித்து, அவர்கள் கதிரைகளுக்குப் பின்னால் ஆளுக்கொருவராய் நிறுத்தினேன். இது ஒரு கலை. சொதியை வழித்து முடித்தவர், விரல் சூப்புகிறவர், கை கழுவும் இடத்தைப் பார்ப்பவர், இந்தக் குறிகளைக் கண்டு நிற்கவேண்டும். வட்டிலப்பம் கேட்டவருக்குப் பின்னால் நிற்கப்படாது.

“மாமா, அவை சாப்பிடேக்க நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறது சரியில்லை.”

“பாக்காதை. நில்.”

இருந்தவுடன் சோட் ஈற்ஸ் கோப்பை வந்தது. மருமகன் அதைப் பிரெஞ்சுக் கூடைப் பாண் என்று எடுத்துக்கொண்டான். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மூன்று றோல்ஸ், இரண்டு பற்றிஸ், ஒரு மிதிவெடி. மிதிவெடி என்பது எங்கள் பக்கத்துப் பலகாரம். முட்டையும் இறைச்சியும் அடைத்துப் பொரித்தது. பேரின் கதையை அவனுக்கு இன்னொரு நாள் சொல்வதாக அத்தான் சொன்னார். பிறகு இடியப்பம், சொதி, சம்பல், கணவாய்க் கறி, நண்டு, கொத்து எல்லாம் ஒன்றாய் வந்து இறங்கின. “எதிலயிருந்து தொடங்கிறது?” என்றான். அவன் யோசித்து முடிக்கமுன் அத்தான் நண்டின் காலை உடைத்துவிட்டார்.

பத்தொன்பது நிமிடம். அத்தான்தான் மணிக்கூடு பார்த்தார். கடைசிக் கவளம் வாயில் இருக்கப் பில் மேசையில் இருந்தது. மிஞ்சினதைப் பாசல் கட்டச் சொன்னேன். மிஞ்சினதைக் கொண்டுபோகப் பெட்டி கொடுக்கவேண்டும் என்று பிரான்ஸில் 2021 முதல் சட்டமாம். எங்களுக்குச் சட்டம் வந்தது மற்றப் பக்கத்தால்: 2017இல் பாசல் சுற்றுகிற லஞ்ச் சீற்றைத் தடைசெய்தார்கள். பாசலைத் தடைசெய்ய ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்குமேல் வற் 18 வீதம். பிரான்ஸில் 1987 முதல் சேவையெல்லாம் சேர்த்த விலையைத்தான் பலகையில் போடவேண்டும் என்று அத்தான் பாடம் எடுத்தார். நான் விலைப்பட்டியலைக் காட்டினேன். கொத்துக்கு எதிரே ஸ்டிக்கர், அதன்மேல் ஸ்டிக்கர், அதன்மேலும் ஒன்று. 2022 செப்தெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அத்தான் நகத்தால் ஒவ்வொன்றாய் உரித்து, கீழே 2021 விலை வந்ததும் தொல்பொருள் கண்டவர் மாதிரிப் பெருமூச்சு விட்டார். வெயிற்றர் வந்து ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினார்.

நாங்கள் எழும்பமுன்னமே அடுத்த குடும்பத்துப் பிள்ளை என் கதிரையில் அரைவாசி ஏறிவிட்டது.

“மாமா, இஞ்ச குசினி எத்தினை மணிக்குப் பூட்டும்?” என்றான் மருமகன் வெளியில் வந்து. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.

வருகிற ஓகஸ்டில் திரும்ப வருகிறார்கள், இந்த முறை அத்தானின் தமையன் குடும்பமும் சேர்த்து ஒன்பது பேர். சனி இரவு வெள்ளவத்தையில் நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கதிரைக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையாய் நின்றால் அது நாங்கள்தான். தயவுசெய்து வட்டிலப்பம் கேட்காதேங்கோ.